கேட்கும் முன் காட்டியவர்

முதல் நாள் வேலை முடிந்து கிளம்பும்போதே அவர் தன் பெட்டியைத் திறந்து காட்டினார். நான் கேட்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடிக் கூடத்தில் எங்கள் நாடகக் குழு ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தது. வழக்கமாக வரும் ஒலிபெருக்கிக்காரருக்குப் பதிலாக அன்று இவர் வந்திருந்தார். இரண்டு மைக், ஒரு சுருள் வயர், டெஸ்டர், கறுப்பு டேப், நாலைந்து ஸ்குரூடிரைவர், ஒரு துண்டு. ஒவ்வொன்றாக மேசைமேல் எடுத்து வைத்துவிட்டு, மறுபடி ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார்.

"பாத்துக்குங்க சார். எல்லாம் என்னோடதுதான்."

நான் தலையாட்டினேன். அவர் படியிறங்கிப் போனதும் கூடத்தில் இருந்த எங்கள் சாமான்களைச் சரிபார்த்தேன். எதுவும் குறையவில்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற மாணவனிடம் ஏதோ மறைந்திருக்கும் என்பது என் முப்பது வருட வாத்தியார் வேலை எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அந்தப் பாடத்தின்மேல் எனக்கு அப்போது மிகுந்த மரியாதை இருந்தது.

இது நடந்து பன்னிரண்டு வருடம் இருக்கும். அவருக்கு அப்போது நாற்பது வயது. முகம் சீன முகம். வெளுத்த தோல், சிறிய கண்கள், நெற்றியில் திருநீறு. பேச்சு பண்டமாரான் தமிழ், துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர்கள் பேசும் தமிழ். இந்த நாட்டில் இது அதிசயமில்லை. ஜாதகம் சரியில்லை என்றோ பிள்ளைகள் அதிகம் என்றோ சீனக் குடும்பங்கள் கொடுத்த குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்கள் வாங்கி வளர்த்தது உண்டு. பெரும்பாலும் பெண் குழந்தைகளைத்தான் கொடுப்பார்கள். இவர் ஆண்.

நாங்கள் ஒத்திகைக்குப் பிறகு சாப்பிடப் போகும் வாழையிலைக் கடையில் அவரை முதல் தடவை சரியாகக் கவனித்தேன். எங்களுக்கெல்லாம் இலை போட்ட பையன், அவர் இலைக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கரண்டியும் முள்கரண்டியும் வைத்தான். அவர் கழுவிவிட்டு வந்த ஈரக் கையைத் தூக்கி அவனுக்குக் காட்டினார். அவன் சிரித்துக்கொண்டே கரண்டியை எடுத்துக்கொண்டு போனான். அடுத்த வாரம் அதே கடை, அதே பையன், அதே கரண்டி. இவரும் அதே மாதிரி கையைத் தூக்கினார். மூன்றாவது வாரம் அவன் கரண்டியோடு வருவதற்கு முன்பே கை மேலே இருந்தது.

எதையும் அவர் அப்படித்தான் முந்திக்கொண்டு காட்டுவார். கோயிலில் யாராவது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தால், சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுப்பார். பிளாஸ்டிக் உறை போட்ட படம். கறுத்து மெலிந்த, மூக்குத்தி போட்ட ஒரு தமிழ்ப் பெண்மணி அதில் வயதாகி உட்கார்ந்திருப்பார். "எங்கம்மா" என்பார். காவடி எடுத்த கதை வந்தால் பேச்சை நிறுத்திவிட்டுச் சட்டையைத் தூக்கி முதுகில் அலகு குத்திய தழும்புகளைக் காட்டுவார். சிவப்பு நிற அடையாள அட்டையையும் அவரே எடுத்து நீட்டுவார். நீல அட்டை வைத்திருப்பவர் குடிமகன். சிவப்பு என்றால் இங்கேயே இருக்கலாம், ஆனால் இந்த நாட்டுக்காரர் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை என்று பொருள். பண்டமாரானில் பிறந்து இந்த நாட்டைவிட்டு வெளியே போகாத மனிதர் அவர். பிறப்பைச் சரியான நேரத்தில் யாரும் பதியாததால் வந்த சிவப்பு.

ஒருமுறை அவருடைய வேனில் கிள்ளானுக்குப் போனேன். நெடுஞ்சாலையில் போலீஸ் தடுப்பு. பகல் பதினோரு மணி. எங்களுக்கு முன்னால் போன கார்களைப் பார்த்துக் கையசைத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்களையும் அப்படியே அனுப்பியிருப்பார்கள். ஆனால் வேன் நிற்பதற்குள் இவர் கண்ணாடியை இறக்கி, அட்டை, லைசென்ஸ், கோயிலில் கொடுத்த வேலைக் கடிதம் எல்லாவற்றையும் விசிறி மாதிரி பிடித்து வெளியே நீட்டிவிட்டார். போலீஸ்காரருக்கு முகம் மாறிவிட்டது. ஒன்றும் கேட்கவில்லையே, எதற்கு இவ்வளவு அவசரம் என்று மலாயில் கேட்டார். வேனை ஓரம் கட்டச் சொன்னார். பெட்டி, வயர், ஸ்பீக்கர் எல்லாம் இறங்கின. அரை மணி நேரம் வெயிலில் நின்றோம்.

மறுபடி ஏறி உட்கார்ந்ததும் நான் கொஞ்சம் கடுப்பாகவே சொன்னேன், கேட்டால் காட்டினால் போதுமே என்று.

"கேட்டதுக்கு அப்புறம் காட்டினா, மாட்டிக்கிட்டு காட்டுற மாதிரி இருக்கும் சார்" என்றார்.

அந்தப் பதில் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்தவர். ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள் எங்களைச் சிலோன்காரர்கள் என்று ஒரு எட்டு தள்ளியே வைத்தார்கள். நாங்களோ அவர்களைக் கீழே வைத்தோம். வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்த குடும்பம்தான் என்னுடையது. ஆனாலும் அன்று வேனில் எனக்குத் தோன்றியது, இவரிடம் ஏதோ இருக்கிறது, போலீஸ்காரருக்கும் அது பட்டிருக்கிறது என்பதுதான்.

நாங்கள் போட்ட நாடகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நானூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத் துன்பியல் நாடகம். பணி ஓய்வு பெற்றபின் நான் இரண்டு வருடம் உட்கார்ந்து தமிழாக்கியது. வெள்ளையர்களின் ஒரு பணக்காரத் துறைமுக நகரம். அதற்காகப் படை நடத்துகிறவர் வேற்று இனத்துக் கறுப்பர். ஊர்ப் பெரியவர் ஒருவர் அவரை வீட்டுக்கு அழைத்து வைத்துப் போர்க் கதைகள் கேட்பார். அதே பெரியவருடைய மகள் அவரைக் கல்யாணம் செய்துகொண்டதும், மருந்து வைத்து மயக்கிவிட்டான் என்று சபையில் பிராது கொடுப்பார். பிறகு தளபதிக்குக் கீழே இருக்கும் ஒரு சூழ்ச்சிக்காரன், மனைவியின்மேல் சந்தேகத்தை ஊட்டுவான். தளபதி ஆதாரம் கேட்பார். ஒரு கைக்குட்டை இன்னொருவன் கைக்குப் போனதை அவன் காட்டுவான். அந்தத் துணியை நம்பித் தளபதி மனைவியைக் கொன்றுவிட்டு, உண்மை தெரிந்ததும் தன்னையும் கொன்றுகொள்வார்.

தளபதியாக நடித்தவர் வேலை மாற்றத்தில் ஜொகூருக்குப் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, ஒலிபெருக்கிக்காரர் மைக்கைச் சோதித்தார். மற்றவர்கள் ஹலோ, ஒன் டூ த்ரீ என்பார்கள். இவர் என்னுடைய வசனத்தைச் சொன்னார். சபைக்கு முன்னால் நின்று, நான் மருந்து எதுவும் வைக்கவில்லை, என் கதையைச் சொன்னேன், அவள் கேட்டாள், அவ்வளவுதான் என்று தளபதி கூறும் இடம். மூன்று வாரம் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டே மனப்பாடம் செய்திருந்தார். ஒரு சொல் தவறவில்லை. அந்த வசனம் அவ்வளவு நல்ல தமிழ் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது.

குழுவின் செயலாளர் காப்புறுதி முகவர். ஒத்திகைக்கு வரும்போதெல்லாம் எல்லோருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கி வருகிற நல்ல மனிதர். நாடகத்தில் அவருக்குச் சூழ்ச்சிக்காரன் வேடம். "இவரே போதும் லா சார், தேடாதீங்க" என்று அவர்தான் முதலில் சொன்னார்.

பிறகு ஒப்பனை பற்றிய பேச்சு வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எங்கள் நடிகர்கள் எல்லோரும் நல்ல கறுப்பும் மாநிறமும். அவர்கள் வெள்ளையர்களாக நடிக்க முகத்தில் பவுடர் அப்பிக்கொள்வது என்றும், எங்களுக்குள் வெளுத்த தோல் உள்ள ஒரே ஆளான இவருக்கு முகத்திலும் கையிலும் கரிப்பூச்சு பூசுவது என்றும் முடிவு செய்தோம். முடிவு என்னுடையது. நாடக இலக்கணம் அப்படித்தான் என்று ஒரு சின்ன உரையே ஆற்றினேன். அந்நியன் என்பதைப் பார்வையாளர்கள் பார்த்த உடனே உணர வேண்டும் என்றேன்.

அவர் பூச்சு டப்பாவைக் கையில் வாங்கி மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் இப்படியே போய் நின்னாலே உணர்ந்துருவாங்களே சார்."

 டப்பாவை நான் திரும்ப வாங்கிக்கொண்டேன். பவுடரும் வேண்டாம், கரியும் வேண்டாம், எல்லோரும் அவரவர் முகத்தோடு என்று ஆயிற்று.

நாடகத்தைப் பற்றி அவர் சொன்னவை என் கல்லூரிப் பேராசிரியர்கள் சொன்னவற்றைவிட நேராக இருந்தன. சண்டை வந்தால் மட்டும் கூப்பிடுகிற ஊரில் போய் அந்தத் தளபதி ஏன் வீடு கட்டினார் என்று ஒருநாள் கேட்டார். இன்னொரு நாள், கைக்குட்டைக் காட்சி முடிந்ததும் மேடையின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"ஒரு துணியக் காட்டினா நம்புறாரு. பொண்டாட்டியக் கூப்பிட்டு ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா நாடகம் அங்கயே முடிஞ்சிருக்கும்ல சார்?"

முடிந்திருக்கும் என்றேன்.

இடையிடையே அவர் தன் அம்மாவைப் பற்றிப் பேசுவார். துறைமுகக் கிடங்கில் பெருக்கும் வேலை செய்தவர், இரண்டு வருடத்துக்கு முன் காலமானவர். பண்டமாரானில் அவர்களுடைய பழைய பலகை வீட்டைப் பற்றி, முன்னறையை வாடகைக்கு விட்டிருந்ததைப் பற்றி. சொல்லிவிட்டு என் முகத்தையே ஒரு கணம் பார்ப்பார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. என்னிடம் எதையோ எடைபோடுகிறார் என்று நினைத்தேன்.

அவரிடம் ஜிப் வைத்த ஒரு பிளாஸ்டிக் கோப்பு எப்போதும் இருக்கும். எல்லோருக்கும் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டுவது அதிலிருந்துதான். நாடகத்துக்கு இரண்டு வாரம் இருந்தபோது, கிள்ளானில் மண்டபம் எடுப்பதற்கு நடிகர்களின் அடையாள அட்டை எண்களைக் கேட்டிருந்தார்கள். அவர் ஏணிமேல் நின்று விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார். கோப்பு நாற்காலியில் கிடந்தது. எத்தனையோ முறை அவரே காட்டியதுதானே என்று நான் ஜிப்பைத் திறந்தேன். அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அட்டையின் நகல் இருந்தது. பள்ளிச் சான்றிதழ், அம்மாவின் இறப்புச் சான்றிதழ், கோயில் கடிதங்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். பலகை வீட்டு வாசலில் மூக்குத்தி போட்ட ஓர் இளம்பெண், இடுப்பில் ஒரு வெளுத்த குழந்தை. பக்கத்தில் கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் போட்டு, தலையை நடுவகிடெடுத்து வாரிக்கொண்டு நிற்பவன் நான்.

இருபத்துநாலு வயதில் நான் பண்டமாரானில் தற்காலிக ஆசிரியராக இருந்தேன். அந்த வீட்டு முன்னறையில் எட்டு மாதம் வாடகைக்குக் குடியிருந்தேன். அந்தக் குழந்தை அந்த வீட்டுக்கு வந்த நாளில் நானும் அங்கே இருந்தேன். நாற்பது வருடத்தில் அதை மறந்தே போயிருந்தேன். படத்தைப் பார்த்ததும் எல்லாம் திரும்பி வந்தது.

படத்தோடு தட்டச்சு செய்த ஒரு தாளும் இருந்தது. இன்னாருடைய குழந்தைப் பருவத்தை நேரில் அறிந்தவன் என்ற முறையில் நான் உறுதி கூறுவதாக ஒரு சத்தியப் பிரமாணம். என் முழுப் பெயர் அடித்திருந்தது. கையெழுத்து போட வேண்டிய இடம் காலி.

எல்லாவற்றையும் இருந்தபடி வைத்து ஜிப்பை மூடினேன். ஏணிமேல் அவர் எனக்கு முதுகு காட்டி நின்று ஏதோ வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து நாடகம் முடியும்வரை பதினைந்து நாள் நான் வேறு ஒன்றும் நினைக்கவில்லை. கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் எல்லாவற்றையும் காட்டுகிறவர், என்னிடம் மட்டும் இந்தப் படத்தைக் காட்டவில்லை. ஏன்? வழக்கமான ஒலிபெருக்கிக்காரருக்குப் பதிலாக வந்தது தற்செயலா? பத்திரிகையில் வந்த நாடக அறிவிப்பில் என் பெயர் இருந்தது. அதைப் பார்த்துத்தான் வந்திருக்கிறார். என் வசனத்தை மனப்பாடம் செய்தது எதற்கு? "உங்க வசனம் வாயில நிக்குது சார்" என்று ஒருநாள் சொன்னாரே, அதை நான் எத்தனை நாள் மனசுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். எல்லாம் ஒரு கையெழுத்துக்கான தூண்டில். மேடையில் மட்டுமா நடிக்கிறார், படியேறி வந்த நாளிலிருந்தே நடிக்கிறார். இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு பழைய நிகழ்ச்சியை எடுத்து அதைக் கறுப்பாக்கிப் பார்த்தேன். எதுவும் மறுக்கவில்லை. சந்தேகத்துக்கு எல்லாமே ஆதாரமாகப் பொருந்தியது.

நாடகத்தில் தளபதியின் காதில் ஓத ஓர் ஆள் தேவைப்பட்டான். எனக்கு யாரும் தேவைப்படவில்லை. சொல்லப்போனால் சூழ்ச்சிக்காரன் வேடம் போட்ட செயலாளர்தான் எனக்கு நல்லது சொன்னார். படத்தைப் பற்றி அவரிடம் நான் வாய் திறக்கவில்லை. ஒருவர் நம்மிடம் நெருங்குவதன் நோக்கம் என்ன என்று தெரியாமல் எப்படி நம்புவது என்று பொதுவாகப் பேசுவதுபோல் கேட்டேன். அவர் கறிபாப்பை மென்றுகொண்டே, "சந்தேகமா இருந்தா நேரா கேட்டுருங்க லா சார். மனசுல வச்சா புளிச்சுப் போயிரும்" என்றார்.

நான் நேராகக் கேட்கவில்லை. சுற்றி வளைத்தேன். பண்டமாரானில் எனக்கும் பழக்கம் உண்டு தெரியுமா என்று அவரிடம் கேட்டேன். மாட்டிக்கொள்கிறாரா என்று பார்க்கத்தான். அவர் முகம் மலர்ந்தது.

"தெரியும் சார். நாடகம் முடியட்டும். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

பொய் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. அதையும் நான் சாமர்த்தியம் என்றே எடுத்துக்கொண்டேன்.

கிள்ளானில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு நாடகம். அவர் தளபதி உடையில், தன் முகத்தோடு, மேடைக்கு வந்து நின்றதும் கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவன், "தவுக்கே, கடைய மூடிட்டு வந்துட்டியா?" என்று கத்தினான். சீன முதலாளிகளைக் கூப்பிடும் சொல் அது. சிரிப்பு இன்னும் பெரிதானது. அவர் சிரிப்பு வந்த பக்கம் திரும்பி, அது தானாக அடங்கும்வரை நின்றார். பிறகு மேடையில் இருந்த சபையிடம் சொல்ல வேண்டிய வசனத்தை அந்தப் பின்வரிசையைப் பார்த்துச் சொன்னார். நான் எழுதிக்கொடுத்த அசைவு அது இல்லை. மருந்து வைக்கவில்லை, என் கதையைச் சொன்னேன் என்று அவர் முடித்தபோது மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கடைசிக் காட்சியில், தன்னைப் பற்றி ஊருக்கு எப்படி எழுதி அனுப்ப வேண்டும் என்று தளபதி கேட்டுக்கொள்ளும் இடத்தில், முன்வரிசைப் பெண்கள் அழுதார்கள். நான் திரை ஓரத்தில் நின்றேன். அவர் அந்த வசனத்தைச் சொல்லும்போது என்னைப் பார்க்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அதே வாழையிலைக் கடைக்கு வரச் சொல்லியிருந்தார். காலை நேரம், தோசை. பையன் வழக்கம்போல் அவர் பக்கத்தில் கரண்டியை வைத்தான். அன்று அவர் கையைத் தூக்கவில்லை. கரண்டி அங்கேயே கிடந்தது. ஜிப் கோப்பு மேசைமேல் இருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு பேசினார்.

நீல அட்டைக்கு மனு போட்டிருப்பதாகவும், குழந்தையில் தன்னைப் பார்த்தவர் யாராவது நேரில் வந்து சொன்னால்தான் ஆகும் என்று பதிவு அலுவலகத்தில் சொல்லிவிட்டதாகவும் கூறினார். மருத்துவச்சி போய்விட்டார், அம்மாவும் போய்விட்டார்.

"எங்கம்மா வீட்டு முன்னறையில ஒரு வாத்தியார் தம்பி இருந்தாராம். அது நீங்கதானே சார்? உங்களுக்கு என்னைய ஞாபகம் இருக்கா?"

நான் தோசையைப் பிய்த்தேன். எதற்கு இப்போது நீல அட்டை, நாற்பது வருடம் இருந்தாயிற்றே என்று கேட்டேன். அதுவே ஒரு குறுக்கு விசாரணை.

"ஒரு நாளாச்சும் கவுண்டர்ல ஒண்ணும் விளக்கம் சொல்லாம நிக்கணும் சார். அவ்வளவுதான்."

அப்போது நான் சொன்னேன்: "எனக்கு ஞாபகம் இல்லை."

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு நானே பல பதில்கள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். என் தமிழுக்காக வந்தவர் என்று நினைத்திருந்தவர் என் கையெழுத்துக்காக வந்தவர் என்ற கோபம் உண்மை. ஆனால் அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. அந்தக் குழந்தையின் பெயரைப் பதிய அவருடைய அம்மா, நான் அக்கா என்று கூப்பிட்டவர், உதவி கேட்டது என்னிடம்தான். வருகிறேன் என்று சொன்னேன். அதற்குள் எனக்கு வேறு ஊரில் நிரந்தர வேலை வந்தது. போய்விட்டேன். அவருடைய சிவப்பு அட்டையில் என் பங்கும் இருந்தது. அந்தச் சத்தியப் பிரமாணத்தை நான் எழுதினால் அதையும் எழுத வேண்டும். அவர்மேல் சந்தேகப்படுவது எனக்கு வசதியாக இருந்தது.

அவர் கோப்பைத் திறந்து படத்தை எடுத்து என் இலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கலாம். ஒரே நொடியில் நான் பொய்யனாகியிருப்பேன். போலீஸ்காரருக்கு, பூசாரிக்கு, இலை போடும் பையனுக்கு எல்லாம் காட்டியவர். கை கோப்பின்மேல்தான் இருந்தது. ஜிப்பைத் தொட்டது. பிறகு நின்றுவிட்டது.

"உங்ககிட்ட மட்டும் எதையும் காட்டாம இருந்து பாக்கலாம்னு இருந்தேன் சார். நீங்களா சொல்வீங்கன்னு." கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பரவால்ல. வரேன்."

தோசை அப்படியே இருந்தது. கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு ரயில் நிலையப் பக்கம் நடந்து போனார்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் குழுவுக்கு வரவில்லை. நான் தேடவும் இல்லை. செயலாளர் இரண்டு முறை விசாரித்தார். அவருக்கு வேலை அதிகமாம் என்று சொல்லி வைத்தேன்.

இந்த வருடம் எனக்கு அடிக்கடி பெயர்கள் தவறின. வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே தேடினேன். மருத்துவர் சோதித்துவிட்டு, மறதி நோயின் ஆரம்பம் என்றார். புதியவை முதலில் போகும், பழையவை கொஞ்ச காலம் இருக்கும், அவையும் ஒவ்வொன்றாகப் போகும் என்றார். கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்தக் காலை மேசையில் நான் சொன்ன ஒரு வாக்கியம். பொய்யாகச் சொன்னது மெய்யாகிக்கொண்டிருக்கிறது.

அடுத்த வாரமே சத்தியப் பிரமாண ஆணையரிடம் போய் நான் கண்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதியப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாததையும் எழுதினேன். பண்டமாரானில் விசாரித்தேன். டெங்கிலுக்குக் குடிபெயர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். வாடகைக் காரில் போனேன். அடுக்குமாடி வீடு, இரண்டாவது மாடி. இரும்புக் கதவுக்கு உள்ளே அவருடைய மனைவி வந்து நின்றார்.

"யாரு அங்கிள் வேணும்?"

நான் பதில் சொல்வதற்கு முன் என் கை பைக்குள் போய்விட்டது. அடையாள அட்டை, ஓய்வூதிய அட்டை, மருத்துவர் கடிதம், பிரமாணப் பத்திரம் எல்லாவற்றையும் கம்பிகளுக்கு இடையே நீட்டினேன். அவர் பிரமாணத்தை மட்டும் வாங்கி நின்றபடியே கடைசிவரை வாசித்தார்.

"நீங்கதானா அந்த வாத்தியாரு?"

ஆமாம் என்றேன்.

"பன்னெண்டு வருசம் கழிச்சு ஞாபகம் வந்திருச்சா? இப்ப உங்களுக்கு எங்ககிட்ட என்ன வேணும்?"

ஒன்றும் வேண்டாம் என்றேன். அவர் நம்பவில்லை. நம்புவதற்கு நான் ஒரு காரணமும் கொடுத்து வைத்திருக்கவில்லை. மருத்துவர் கடிதத்தை மறுபடி நீட்டினேன்.

"அதெல்லாம் உள்ள வைங்க அங்கிள். அவரும் முன்ன இப்படித்தான், எல்லாத்துக்கும் எடுத்து எடுத்துக் காட்டிக்கிட்டு இருப்பாரு. இப்ப விட்டுட்டாரு. யாருக்கும் எதையும் காட்டறதில்ல."

அட்டை இன்னும் சிவப்புதானா என்று கேட்டேன்.

"சிவப்புதான்."

கணவர் கோயிலில் வயர் இழுக்கப் போயிருப்பதாகவும், வந்ததும் தாளைக் கொடுப்பதாகவும் சொன்னார். கூப்பிடுவாரா என்று தெரியாது என்றார். என் தொலைபேசி எண்ணை எழுதிக்கொண்டார். கதவு திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

ஏழு வாரமாகிறது. அழைப்பு வரவில்லை. அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவரைக் கேட்காமல் அவருடைய கோப்பை ஒருமுறை திறந்தது போதும். ஆனால் நான் பார்த்தது என்னுடையது. அது தலைக்குள் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன். அவர் எந்தக் கவுண்டருக்கு வேண்டுமானாலும் இதை எடுத்துப் போகலாம். போகாமலும் இருக்கலாம்.

அன்று சனிக்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். பண்டமாரானில் அந்த வீட்டு முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குடியிருந்த சீனப் பெண் ஒருத்தி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நீலக் கால்சட்டை, பூப்போட்ட மேல்சட்டை. அவளும் அக்காவும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள். மார்போடு சேர்த்துக் கட்டிய துணிக்குள் குழந்தை. அக்கா மாவு அரைத்துக்கொண்டிருந்தார். கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் குழந்தையை வாங்கினார். இருவரும் அதிகம் பேசவில்லை. அந்தப் பெண் அழவில்லை. குழந்தையின் மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. வாசல்வரை போனவள் திரும்பி வந்து அந்த முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். அக்கா குழந்தையோடு என் ஜன்னலுக்கு வந்தார். குழந்தையின் கன்னத்தில் அவர் கை மாவு ஒட்டியிருந்தது.

"தம்பி, இவனுக்குப் பேர் பதியணும். நீங்கதான் எழுதப் படிக்கத் தெரிஞ்சவரு. கூட வர்றீங்களா?"

"அடுத்த சனிக்கிழமை போகலாம் அக்கா" என்றேன்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது.